கடைசி அட்டை

சிவமணியின் படம் பத்தொன்பது வருடமாகப் பாரிஸில், ரூ காய் தெருவில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. கடை அவளுடைய கணவன் யோகநாதனுடையது. கலியாணம், பெண்பிள்ளைகள் பெரியவளாகிற சாமத்தியவீடு, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் வீடியோ எடுக்கிற கடை. கூறைச்சேலை உடுத்து, தலை நிறையப் பூ வைத்து, கொஞ்சம் பயந்த முகத்தோடு நிற்கிற அந்தப் படத்தை மாதிரிக்கு என்று வைத்திருந்தார்கள். வெயில் பட்டுப் பட்டு அரக்குச் சேலை ரோஸாகி, பிறகு பழுப்பாகிவிட்டது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் சிவமணி அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் அது அங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை அது அங்கே இருக்கவில்லை.

டிலானிதான் வந்து சொன்னாள். இருவருக்கும் ஒரே குசினியில் வேலை. லா சப்பல் பகுதிக் கடைகளுக்கு ரோல்ஸ், பற்றிஸ், வடை செய்து கொடுக்கிற குசினி. காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் பத்து மணிக்கு முன்னம் முதல் தட்டங்கள் போய்விட வேண்டும். சிவமணி மெல்லிய ரொட்டியில் கறியை வைத்து, இரண்டு பக்கமும் மடித்துச் சுருட்டி, முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் பிரட்டித் தள்ளுவாள். டிலானி எண்ணெய்ச் சட்டியில் நிற்பாள்.

"மணியக்கா, உங்களைக் காணேல்லை கண்ணாடியிலை."

"துடைக்கக் கழட்டியிருப்பார்."

"வேறை ஆளை வைச்சிருக்கிறார் அக்கா. வெள்ளைக்காரி. தொப்பி போட்டிருக்கிறா."

சிவமணி சுருட்டிக்கொண்டிருந்த ரோல்ஸ் வாய் பிளந்து கறி கையில் ஒட்டியது. அதை ஒதுக்கிவைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"வடிவோ?" என்று கேட்டாள்.

"சீ. மூக்கு நீளம்," என்றாள் டிலானி. பிறகு, "ஆனால் ஒரு எடுப்பு இருக்கு," என்றும் சொன்னாள்.

இரண்டு மணிக்கு வேலை முடிந்து மழைத்தூறலில் நடந்து போனாள். டிலானி சொன்னது சரி. கறுப்பு வெள்ளைப் படம். முக்காலியில் நிற்கிற பழைய கமராவுக்குப் பக்கத்தில் ஒரு பெண், கையில் கடதாசிக் கட்டோடு நின்றாள். படம் எடுக்கிறவரை அவள் பார்க்கவில்லை. வேறு யாருக்கோ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சொன்னால் செய்வார்கள் என்று தெரிந்தவளுடைய முகம்.

யோகநாதன் உள்ளே கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தார். முகம் மழித்திருந்தார். செவ்வாய்க்கிழமையில் அவர் மழிப்பதில்லை.

"ஆர் உது?"

"மர்கரீத்," என்றார் அவர், பக்கத்து வீட்டு ஆளைச் சொல்வதுபோல.

"என்ர படம் எங்கை?"

"உள்ளுக்குத்தான் கிடக்கு. வெளிறிப்போச்சுச் சிவா. கடையைப் பூட்டிட்டாங்களோ எண்டு சனம் நினைக்குது."

அவள் கடைக்குள் தேடினாள். படம் சுவரைப் பார்த்தபடி, பழைய லைட் தடிகளுக்குப் பின்னால் சாத்தியிருந்தது.

அந்தத் தடிகள் அவளுடையவை. பதினொரு வருடம் அவள்தான் லைட் பிடித்தாள். சார்செல்லில் கலியாணம், ஆர்ஜொந்தெய்யில் சாமத்தியவீடு, எங்கே என்றாலும் ரயிலில் அந்தத் தடியைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் போனாள். லைட் முகத்தைச் சுடும். "சிவா, லைட்," என்பார் அவர். அவள் தூக்குவாள். தூக்கும்போதே காதுக்குள் சொல்வாள்: "இப்ப மாப்பிள்ளையை விடுங்கோ. பெரியம்மாவைப் பாருங்கோ, அழப் போறா." அவர் திருப்புவார், பெரியம்மா அழுவா. "தமையனும் தம்பியும் கதைக்கிறேல்லை, ரெண்டு பேரையும் ஒரு படத்துக்குள்ளை எடுங்கோ, பேந்து சந்தோசப்படுவினம்." அவர் எடுப்பார். யோகநாதனின் வீடியோவில்தான் உயிர் இருக்கிறது என்று பாரிஸ் முழுக்கச் சொன்னார்கள். பிறகு கமராவுக்கு மேலேயே கொழுவுகிற சின்ன லைட் வந்தது. யோகநாதன் தனியாகப் போகத் தொடங்கினார். சிவமணி குசினிக்குப் போனாள்.

மர்கரீத் வந்த கதையை இரவுச் சாப்பாட்டில் அவர் சொன்னார். புட்டும் மீன்குழம்பும் ஆறிக்கொண்டிருந்தன.

பழைய வீடியோக் கசெட்டுகளைக் கொம்பியூட்டருக்கு மாற்றித் தருவதாகக் கடைக் கதவில் எழுதிப் போட்டிருந்தார். எல்லோரும் கலியாணக் கசெட்டுகளைக் கொண்டுவந்தார்கள். நத்தார் பண்டிகைக்கு முன்னம் ஆன்-சோஃபி என்ற மனுசி இரண்டு கசெட் கொண்டுவந்தா. ஒன்றில் அவவின் பாட்டியின் தங்கை மர்கரீத், எண்பத்தொன்பது வயதில் இருந்து கதைக்கிறா, இரண்டு மணித்தியாலம். மற்றதில் மர்கரீத் இயக்கிய படம். வாய் பேசாத படம், பதினொரு நிமிடம். அவவுடைய படங்களில் அது ஒன்றுதான் மிச்சம்.

"இந்த லா சப்பல்லை பிறந்தவ, சிவா. தகப்பன் ரயிலிலை வேலை. பதினெட்டு வயசிலை ஒரு படக்கொம்பனியிலை ரைப் அடிக்கப் போனவ. அடிக்கேக்கை கதையைத் திருத்திப் போடுவாவாம். பேந்து தானே எழுதத் தொடங்கினவ. புருசன் பிலிப் டிரெக்டர். பதினாலு படம் இவ எழுதினது. ஒண்டிலையும் இவவின்ர பேர் இல்லை. எல்லாம் பிலிப், பிலிப், பிலிப்."

"ம்."

"முதலாம் உலகச் சண்டை வந்து பிலிப் ஆமிக்குப் போக, பாதியிலை நிண்ட படத்தை இவதான் எடுத்து முடிச்சவ. பேந்தும் ஏழு படம். பிலிப் ஒரு கையில்லாமல் திரும்பி வந்தான். வந்த உடனை அதுகளுக்கும் பேர் பிலிப்." யோகநாதன் கையில் எடுத்த புட்டைத் திரும்ப வைத்தார். "எவ்வளவு அநியாயம், சொல்லு பாப்பம். பக்கத்திலை இருந்து எல்லாம் செய்தவளின்ர பேரைப் போடேல்லை."

சிவமணி அவரைப் பார்த்தாள். அவருடைய கண் உண்மையாகவே கலங்கியிருந்தது.

"குழம்பு ஆறுது," என்றாள். "பேந்து என்ன செய்தவள்?"

"பிலிப்பை விட்டிட்டுத் தன்ர பேரிலை ரெண்டு படம் எடுத்தவ. அதுக்குள்ளை பேசும்படம் வந்திட்டுது. வசனம் தெரிஞ்ச ஆக்கள்தான் வேணுமெண்டு கொம்பனி நிப்பாட்டிப்போட்டுது. பேந்து இஞ்சை, எங்கட தெருவிலைதான், முப்பது வருசம் பொத்தான் கடை வைச்சிருந்தவ."

"பிலிப்பை விட்டது நல்லது," என்று சிவமணி எழும்பிச் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்தாள்.

அவர் மரியாதையாக 'அவ' என்று சொல்லும்போதெல்லாம் அவள் 'அவள்' என்று சொன்னாள். செத்து நாற்பது வருடமான ஒருத்திமீது எரிச்சல் படுவது தனக்கே வெட்கமாக இருந்தது. அதனால் எரிச்சல் குறையவில்லை. அவர் காலையில் சீனியில்லாத கோப்பி குடிக்கத் தொடங்கினார். மர்கரீத் அப்படித்தான் குடித்தாவாம். பொத்தான் கடை எந்த இலக்கத்தில் இருந்தது என்று தெருவெல்லாம் கேட்டுத் திரிந்து, இப்போது சேலைக்கடையாக இருக்கிற இடம் என்று கண்டுபிடித்துவிட்டு, வாசலில் நின்று மேலே பார்த்தாராம். டிலானி சொன்னாள். சிவமணி பிறந்தது எந்த ஊர், எந்த வீடு என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்த வீட்டு வாசலில் நின்று அவர் மேலே பார்த்ததில்லை.

சனிக்கிழமை யோகநாதன் ஒபர்வில்லியேக்குப் பிறந்தநாள் வீடியோ எடுக்கப் போனார். கடையைப் பார்க்க சிவமணியும் மகள் மிருணாளினியும் இருந்தார்கள். மிருணாளினிக்குப் பதினேழு வயது. தாய் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள்.

"அந்தக் கசெட்டைப் போடு," என்றாள் சிவமணி. "உவள் என்ன சொல்லுறாள் எண்டு பாப்பம்."

கிழவி கதிரையில் நேராக இருந்தா. மூக்கு இன்னும் நீளமாகியிருந்தது. மெல்ல, ஒவ்வொரு சொல்லாகக் கதைத்தா. கமராவுக்கு இந்தப் பக்கம் இருந்து இளம் ஆன்-சோஃபியின் குரல் கேட்டது. பிறகு என்ன செய்தீர்கள், அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது, அதை முதலில் நினைத்தது யார். கிழவி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னா. சிலதுக்கு யோசித்தா. அவ யோசிக்கும்வரை ஆன்-சோஃபி பொறுத்திருந்தா.

"இப்ப என்னவாம்?"

மிருணாளினி தமிழைத் தேடித் தேடிச் சொன்னாள். "அட்டை... படத்துக்கு நடுவிலை வாற எழுத்து. அது சின்னனா இருக்க வேணுமாம். கொட்டகைக்கு வாறது தையல் வேலை செய்யிற பெண்கள். ஒரு ஊசி குத்தி இழுக்கிற நேரத்திலை வாசிச்சு முடிக்க வேணுமாம்."

சிவமணி முன்னுக்கு வந்தாள். "என்ன சொன்னவள்? திருப்பிப் போடு."

திருப்பிப் போட்டாள். கிழவி கையைத் தூக்கி ஊசி இழுப்பதுபோலக் காட்டினா.

"இதை நான் சொன்னனான்," என்றாள் சிவமணி. "உன்ர அப்பாவுக்கு. நீ பிறக்க முன்னம். கலியாண வீடியோவிலை பேர் போடேக்கை ஒரு முழம் எழுதுவார். ரோல்ஸ் எண்ணெயிலை ஒருக்காப் பிரளுற நேரத்துக்கு மேலை எழுத்து நிக்கக்கூடாது எண்டு சொன்னனான். சிரிச்சவர்."

மிருணாளினி தாயைத் திரும்பிப் பார்த்தாள். பிரெஞ்சில் ஏதோ கேட்டாள்.

"என்ன கேக்கிறாய்?"

"பொறாமையோ அம்மா உனக்கு?"

"ஓம்," என்றாள் சிவமணி. இவ்வளவு லேசாக அது வாயில் வந்தது அவளுக்கே புதினமாக இருந்தது. "வடிவுக்கில்லை, படத்துக்குமில்லை. ரெண்டு மணித்தியாலம் ஒருத்தி முன்னாலை இருந்து கேட்டிருக்கிறாள் பார். அதுக்கு."

மிருணாளினி கதிரையைத் தாய்க்குப் பக்கத்தில் இழுத்தாள். கசெட்டை நிற்பாட்டவில்லை. இருவரும் முடியும்வரை பார்த்தார்கள்.

பங்குனியில் யோகநாதன் தானும் ஒரு படம் செய்யப்போவதாகச் சொன்னார். ஆன்-சோஃபி சம்மதித்துவிட்டா. மர்கரீத்தின் பதினொரு நிமிடப் படத்தில் இருந்து துண்டுகள், பழைய போட்டோக்கள், நடுவில் தமிழில் அட்டைகள். குரலும் பாட்டும் இல்லை. உணவகம் நடத்துகிற ஐங்கரன் பின்பக்க மண்டபத்தை ஒரு ஞாயிறு பின்னேரம் தருவதாகச் சொல்லியிருந்தான்.

அட்டைகளை அவர் கொப்பியில் எழுதிக்கொண்டு வீட்டுக் குசினி மேசைக்கு வந்தார். சிவமணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"கேள். 'கலையுலக வானில் சுடர்விட்டுப் பிரகாசித்த அந்தத் தாரகை, காலம் எனும் கொடிய அரக்கனின் கைகளில் சிக்கி...'"

"சாமத்தியவீட்டு ஆல்பமோ உது?"

"அப்ப நீ சொல்லு."

"'பதினாலு கதை எழுதினாள். பதினாலிலும் பிலிப்பின் பேர்.' எண்டு போடுங்கோ."

அவர் எழுதினார். எழுதிவிட்டுப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு." அடுத்ததைக் கேட்டார். அவள் கத்தியை வைக்காமலே சொன்னாள். இப்படியே ஐந்து நாள் போனது. இருபத்திரண்டு அட்டை. முதல் நாள் அவள் மர்கரீத்துக்கு வேண்டாவெறுப்பாகத்தான் சொல் கொடுத்தாள். மூன்றாம் நாள் ரோல்ஸ் சுருட்டும்போதே அடுத்த அட்டை மனதில் வந்தது. வேலை முடிந்து விரைவாக வீட்டுக்கு வந்தாள். அவர் அவளைக் கேட்டார், அவள் யோசித்தாள், அவர் பேனையோடு பொறுத்திருந்தார். இப்படி ஒரு பின்னேரம் அவர்களுக்கு எத்தனையோ வருடமாக இருந்ததில்லை. ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது கொப்பியை.

"பிலிப்பைப் பற்றி ஒண்டு வேணும்," என்றார். "அவனைக் கள்ளன் எண்டும் போடேலாது."

சிவமணி வெங்காயத் தோலைக் கூட்டி ஒதுக்கினாள்.

"'அவன் கெட்டவன் இல்லை. அவள் பக்கத்தில் நிற்பது அவனுக்குப் பழகிவிட்டது.'"

யோகநாதன் மேசையில் தட்டினார். "பிலிப்பை அப்பிடியே பிடிச்சிட்டாய் சிவா. அப்பிடியே அவன்தான்."

"ஓம்," என்றாள். "அப்பிடியேதான்."

படம் காட்டுவதற்கு இரண்டு நாள் முன்னம் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். ஐங்கரனும் அங்கே இருந்தான். கொம்பியூட்டரில் கடைசி அட்டை நின்றது. மற்ற அட்டைகளைவிட இரண்டு மடங்கு பெரிய எழுத்து.

கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்
யோகநாதன்

"அண்ணை," என்றான் ஐங்கரன், "வாய் திறக்காத படத்துக்கு வசனமோ?"

"அட்டையிலை இருக்கிறது வசனம்தானே."

"அப்ப சரி. எல்லாத் தமிழ்ப்படத்திலையும் நாலும் ஒரு ஆள்தான். நீங்கள் மட்டும் ஏன் குறைவாப் போடுறது? பாட்டையும் போட்டிருக்கலாம்."

யோகநாதன் சிரித்தார். சிவமணி சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்தாள்.

"இதிலை வேறை பேர் ஒண்டும் வராதோ?"

"ஏன் வராது. இதுக்கு முன்னம் நன்றி எண்டு ஒரு அட்டை வருது. ஆன்-சோஃபிக்கு, மண்டபம் தாற ஐங்கரனுக்கு, ரோல்ஸ் தாற கடைக்கு."

"ரோல்ஸ் தாற கடைக்கு."

"வேறை ஆருக்கு?" அவர் அவளைப் பார்த்தார். ஏதோ விளங்கியதுபோல இருந்தது. "உன்ர பேரோ? வீட்டு ஆளுக்கு ஆரும் நன்றி போடுவினமே? சனம் சிரிக்கும்."

"நன்றியைக் கேக்கேல்லை," என்றாள் சிவமணி. "நல்ல பெரிய எழுத்து. பின்னாலை இருக்கிற ஆக்களுக்கும் தெரியும்."

வெளியே வந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் மர்கரீத் தன் கடதாசிக் கட்டோடு யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். சிவமணி கொஞ்சநேரம் முன்னால் நின்றாள். உனக்குக் கடைசியில் ரெண்டு படமாவது கிடைத்தது, என்று நினைத்தாள். நான் உன்னையும் சேர்த்து அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். மண்டபத்து யன்னல்களுக்கு ஐங்கரன் மேசைவிரிப்புகளைக் கட்டி இருட்டாக்கியிருந்தான். எழுபது பேர் அளவில் வந்தார்கள், பிள்ளைகளோடு. முன்வரிசையில் ஆன்-சோஃபி, பக்கத்தில் மிருணாளினி. பின்மேசையில் புரஜெக்டரோடு யோகநாதன், கோட் போட்டிருந்தார். ரோல்ஸ் தட்டங்கள் திரைக்குப் பக்கத்தில் சுவரோரம் இருந்தன. சிவமணி அங்கே நின்றாள், லைட் சுவிச் பக்கத்தில். எங்கே போனாலும் அவளுக்கு நிற்கக் கிடைப்பது அந்த இடம்தான்.

முதல் அட்டை வந்தபோதே பிழை தெரிந்துவிட்டது. மண்டபத்தில் பாதிப்பேர் பாரிஸில் பிறந்த பிள்ளைகள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர்கள்தான். ஆனால் அவர்கள் 'அ'வில் இருந்து எழுத்துக்கூட்டி வரும்முன் அட்டை போய்விட்டது. தாய்தகப்பன்மார் தங்கள் பிள்ளைக்கு வாசிக்கத் தொடங்கினார்கள். ஒருவர் முதல் வரியில், ஒருவர் இரண்டாம் வரியில், ஒருவர் பிரெஞ்சில். வாய் பேசாத படம் சந்தையாகிவிட்டது.

"ஒரு ஆள் வாசியுங்கோப்பா," என்றான் ஐங்கரன். "அண்ணை, நீங்கள் வாசியுங்கோவன்."

யோகநாதனுக்குக் கண்ணாடி இல்லாமல் அவ்வளவு தூரம் தெரியாது.

"அம்மா வாசிக்கட்டும்," என்றாள் மிருணாளினி முன்வரிசையில் இருந்து. தமிழில் சொன்னாள். "அம்மாவுக்கு எல்லாம் மனப்பாடம்."

சிவமணி திரையைப் பார்க்காமலே தொடங்கினாள். முதலில் குரல் முன்வரிசையைத் தாண்டவில்லை. மூன்றாவது அட்டையில் தாண்டியது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே பொறுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் சொல்லி முடிக்க அட்டை போனது. மிருணாளினி அதை ஆன்-சோஃபிக்குப் பிரெஞ்சில் மெல்லச் சொன்னாள். பிள்ளைகள் சத்தமில்லாமல் இருந்தார்கள்.

"பதினாலு கதை எழுதினாள். பதினாலிலும் பிலிப்பின் பேர்."

பெண்கள் பக்கத்தில் "ச்சே" என்று கேட்டது.

"அவன் கெட்டவன் இல்லை," என்றாள் சிவமணி. ஒரு ரோல்ஸ் பிரளுகிற நேரம் பொறுத்தாள். "அவள் பக்கத்தில் நிற்பது அவனுக்குப் பழகிவிட்டது."

பின்மேசையில் கதிரை ஒன்று அசைகிற சத்தம் கேட்டது. டிலானி மட்டும் திரும்பிப் பின்னால் பார்த்தாள்.

பேசும்படம் வந்தது. மர்கரீத்தை நிற்பாட்டினார்கள். பொத்தான் கடை. கிழவி கையைத் தூக்கி ஊசி இழுத்தா. சிவமணி எல்லாவற்றையும் வாசித்தாள். நன்றி அட்டை வந்தது. ஆன்-சோஃபியை, ஐங்கரனை, ரோல்ஸ் தந்த கடையை வாசித்தாள். பிறகு பெரிய எழுத்தோடு கடைசி அட்டை வந்தது.

அவள் வாயைத் திறக்கவில்லை.

வாசிக்கத் தெரிந்தவர்கள் திரையைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள். ஐங்கரன் குனிந்து சப்பாத்தைப் பார்த்தான். அட்டை இன்னும் நின்றது. இந்த அட்டையை மட்டும் யோகநாதன் நீளமாக நிற்க விட்டிருந்தார்.

"அம்மா," என்று மிருணாளினி கேட்டாள், "என்ன எழுதியிருக்கு?"

"ஒண்டுமில்லை," என்றாள் சிவமணி. "முடிஞ்சுது எண்டு போட்டிருக்கு."

மிருணாளினி ஆன்-சோஃபியின் பக்கம் திரும்பி, "ஃபான்," என்றாள், பிரெஞ்சில் முடிவு என்று. ஆன்-சோஃபி கைதட்டினா. பிள்ளைகள் தட்டினார்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் சிலர் தட்டினார்கள், சிலர் தட்டவில்லை.

யோகநாதன் புரஜெக்டரை அவசரமாக நிற்பாட்டினார். மண்டபம் இருண்டுவிட்டது. ஒரு குழந்தை அழத் தொடங்கியது. கதிரைகள் இடிபட்டன.

"சிவா," என்றார் இருட்டுக்குள் இருந்து, "லைட்."

சுவிச் அவளுடைய தோளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கையைக்கூடத் தூக்க வேண்டியதில்லை.

"சிவா, லைட்."

"நான் நிக்கிற இடம் உங்களுக்குத் தெரியும்தானே," என்றாள் சிவமணி. "வந்து போடுங்கோ."

சனம் பேச்சை நிறுத்தியது. பிறகு, பின்னால் இருந்து ஒரு ஆள் கதிரைகளில் தட்டுப்பட்டு, "பார்தோன், பார்தோன்" என்று சொல்லிக்கொண்டு, இருட்டில் அவளைத் தேடி வருகிற சத்தம் கேட்டது.